கொட்டச் சொல்லும் டாக்டரம்மா

மேசையைத் துடைத்துவிட்டு, "கொட்டுங்க" என்பார். நோயாளி கொண்டுவந்த பையிலிருந்து அத்தனை மாத்திரை அட்டைகளும் மேசைமேல் விழ வேண்டும். நாடி பார்ப்பதெல்லாம் அப்புறம்தான். மருந்து எழுதுவதைவிட நிறுத்துவதில் பேர்போனவர் என்பதால் எங்கள் தெருவில் அவருக்கு 'நிறுத்து டாக்டரம்மா' என்று பெயர். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, அதையே இழுப்பறைகளில் தேடுவார்.

பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற பஸ் டிரைவரை மகள் அங்கே அழைத்துப் போனபோது நானும் துணைக்குப் போனேன். மனிதர் அடிக்கடி தள்ளாடி விழுந்தார். சில சமயம் பெற்ற மகளையே யாரென்று கேட்டார். தலைசுற்றலுக்கு நல்ல மாத்திரையாக ஒன்று கொடுங்கள் என்றாள் மகள்.

டாக்டரம்மா, எது முதலில் வந்தது, எது அடுத்தது என்று கேட்டுக் கேட்டு அட்டைகளை வரிசையாக வைத்தார். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று. அதனால் கால் வீங்கவே, வீக்கம் வடிய ஒன்று. அது ஓயாமல் சிறுநீர் கழிக்க வைத்ததால், அதை அடக்க ஒன்று. தள்ளாட்டமும் நினைவுத் தடுமாற்றமும் அதற்குப் பிறகு வந்தவை.

"யாரும் தப்பாக் கொடுக்கலம்மா. அவங்கவங்க பாகத்தைச் சரியாத்தான் பாத்திருக்காங்க. ஒண்ணு இன்னொண்ணை என்ன பண்ணுதுன்னுதான் பாக்கல."

அப்படியானால் எல்லாவற்றையும் இன்றே தூக்கிப் போட்டுவிடலாமா என்று மகள் கேட்டாள். கூடாது என்றார். ஒன்றைத் தொட்டால் எது அசைகிறது என்று பார்த்த பிறகுதான் அடுத்ததில் கை வைக்க வேண்டுமாம்.

முதலில் வீக்க மாத்திரையை நிறுத்தினார். கால் இரண்டும் பூசணிக்காயாக வீங்கின. மகள் கொதித்துப்போய் வந்து நின்றாள். டாக்டரம்மா மழுப்பவில்லை.

"நடுவுல பிடிச்சு இழுத்துட்டேன். முதல் நுனியில, அழுத்த மாத்திரையில ஆரம்பிச்சிருக்கணும்."

அந்த மாத்திரையைத் திரும்பக் கொடுத்துவிட்டு, அழுத்த மாத்திரையை வேறொன்றாக மாற்றினார். வீக்கம் வடிந்து நின்றது. மற்ற இரண்டும் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் கழன்றன.

கடைசியாகப் போனபோது டிரைவர் தெளிவாக இருந்தார். "யாரோ பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருந்த மாதிரி இருந்துச்சு" என்றார். கிளம்ப எழுந்ததும், பழக்கதோஷத்தில் மகளின் கை அவர் முழங்கையை நோக்கி நீண்டது. டாக்டரம்மா விடைகொடுப்பதுபோல அந்தக் கையைப் பற்றிக்கொண்டார். தகப்பனார் கதவைத் திறந்து, படியிறங்கி, தெருவை அடையும்வரை விடவில்லை.