செப்புக் குடமும் லைட்டு மீனும்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தேன்; நாத்தனார் விட்டுப்போன ஒன்றையும் சேர்த்தால் ஏழு. ஏழும் இன்று நல்லபடியாக இருக்கின்றன. மீன்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் எத்தனை என்று எனக்கே தெரியாது. தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், மெதுவாகத்தான் வரும். ஆனால் லைட்டு மீனைச் சாகவிடாமல் வளர்ப்பது எப்படி என்று எங்கள் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் முதலில் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால், நான்தான் என்று எந்தச் சபையிலும் சொல்வேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

ஒரு பலகை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான அத்தை, அம்மாவின் தம்பியான மாமா, அப்புறம் நான். அம்மா மாசமாக இருந்தார். மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. துறைமுகப் பக்கம் ஒரு சீனர் இரும்புக் கடையில் வேலை. ஹொக்கியன் மொழியைச் சீனர்களே திரும்பிப் பார்க்கிற மாதிரி பேசுவார். அந்தக் கடை முதலாளி வீட்டில் வேண்டாமென்று ஒதுக்கிய கண்ணாடித் தொட்டி ஒன்றை ஒருநாள் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். மறுநாளே என்னை முன்கம்பியில் உட்காரவைத்து மீன் வாங்க அழைத்துப் போனார்.

சூலியா தெருவை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது அந்த மீன் கடை. தொட்டி தொட்டியாக அடுக்கியிருந்தார்கள். நான் ஒரே ஒரு தொட்டியின் முன்னால் நின்றுவிட்டேன். அதில் இருந்த மீன் என் சுண்டுவிரலில் பாதிகூட இராது. கண்ணிலிருந்து முதுகோடு ஒரு நீலக் கோடு, வயிற்றின் பின்பாதியில் சிவப்பு. கூட்டமாகத் திரும்பினால், யாரோ விளக்கைப் போட்டு அணைத்தது போல இருக்கும். நியான் என்றார்கள் கடையில். எங்கள் வீட்டில் அது லைட்டு மீன் ஆனது.

அந்த மீனில் ஓர் அதிசயம் உண்டு. விடியும்போது எழுந்து போய்ப் பார்த்தால் வெளுத்துப்போய் இருக்கும், நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. சன்னலைத் திறந்துவிட்டுக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் ஏறும். அது எங்கிருந்து ஏறுகிறது, வாலிலிருந்தா தலையிலிருந்தா என்று பார்க்கவே பல காலை பசியாறாமல் உட்கார்ந்திருக்கிறேன். கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. பார்த்துக்கொண்டே இருப்போம், ஏறிவிட்டிருக்கும்.

ஆனால் மீன் தங்கவில்லை. வாரம் முழுக்க நன்றாக நீந்தும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மூலையில் போய் நின்று வாயைத் திறந்து திறந்து மூடும். ராத்திரிக்குள் செத்து மறுநாள் மிதக்கும். மறுபடி வாங்கினோம். மறுபடியும் அதே.

மாமா ஒருமுறைகூட வருத்தப்பட்டதில்லை. "செத்துப்போச்சா? சரி விடு பாப்பா. வா, வேற வாங்கிட்டு வருவோம்லா" என்பார். உடனே தலைக்குத் தண்ணீர் தொட்டு வகிடெடுத்து, தீபாவளிக்குத் தைத்த சட்டையை மாட்டிக்கொள்வார். மீன் வாங்க எதற்குத் தீபாவளிச் சட்டை என்று நான் கேட்கவில்லை. நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

கடையில் வலை போட்டு மீன் பிடித்துத் தருவது கடைக்காரக் கிழவரின் மகள். இரட்டைப் பின்னல் போட்ட சீன அக்கா. என்னைப் பார்த்ததும், "அடேக், மாத்தி லாகி?" என்று மலாயில் கேட்பாள், தங்கச்சி, மறுபடி செத்துப்போச்சா என்று. நான் தலையாட்டினால் அவள் முகம் வாடும். பிறகு மாமாவிடம் ஹொக்கியனில் ஏதோ சொல்வாள், இருவரும் சிரிப்பார்கள். மாமா மீன் பொறுக்குவதில் பெரிய கெட்டிக்காரர். "அது வேணாம். அதோ, மூலையிலே ஓடுதே, அதைப் புடிங்க" என்று மலாயில் சொல்வார். அவள் பிடிப்பாள். "இல்லே, அது இல்லே, பக்கத்துலே இருந்தது." எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மீன்கள். ஐந்தாறு மீன் பிடிப்பதற்குள் எனக்குக் கால் வலித்துவிடும்.

அந்த அக்காதான் முதல் நாளே எனக்கு ஒரு புத்தி சொன்னாள். பீலித் தண்ணீரை, அதாவது குழாய்த் தண்ணீரை, பிடித்தவுடன் ஊற்றாதே, அதில் மருந்து வாடை இருக்கும். முந்தின நாள் பிடித்து வைத்த தண்ணீரை ஊற்று, வாரம் ஒருமுறை மாற்று என்றாள். அதைத்தான் அட்சரம் பிசகாமல் செய்துவந்தேன். எங்கள் வீட்டில் முந்தின நாள் பிடித்து வைக்கிற தண்ணீர் என்றால் அது செப்புக் குடத்துத் தண்ணீர். அம்மாவுக்குச் சீராக வந்த குடம். வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா அதைப் புளி போட்டுத் தேய்ப்பார். முகம் பார்க்கலாம், அப்படி மின்னும். அதில் பிடித்து மூடிவைத்த தண்ணீரை வெள்ளிக்கிழமை காலையில் முதலில் சாமிக்கு எடுப்போம், பிறகு குடிக்க. நான் மீனுக்கும் எடுத்தேன். வீட்டிலேயே உயர்ந்த தண்ணீர் அது. அதைவிட நல்லதாக மீனுக்கு எதைத் தர முடியும்?

அத்தைக்கு வேறு கணக்கு. எதிர்வீட்டுக்காரி தொட்டியைப் பார்த்துவிட்டு "எவ்ளோ அழகு" என்று சொன்னாளாம், அந்தக் கண்தான் என்றார். தொட்டியைச் சுற்றி உப்பும் மிளகாயும் எடுத்துப்போட்டார். கண்ணாடியில் திருநீறு பூசினார். அப்படியும் மீன் மிதந்தபோது அத்தைக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"மாசமா இருக்குற பொம்பள வீட்டுலே வாரா வாரம் சாவா? அதுவும் வெள்ளிக்கெழமை! இன்னும் ஒண்ணு செத்துச்சு, தொட்டி லங்காங்லே கெடக்கும், சொல்லிட்டேன்."

லங்காங் என்றால் வாசலில் ஓடும் சாக்கடை. அத்தை சொன்னால் செய்கிறவர். அம்மா வயிற்றைத் தடவிக்கொண்டார். அவருக்கும் பயம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு வாங்கி வந்த மீன்கள்தான் கடைசி மீன்கள். அவற்றோடு அந்த அக்கா ஒரு கொத்துப் பாசியும் சும்மா கொடுத்தாள். பாசியில் மிளகளவு நத்தைகள் ஒட்டிக்கொண்டு வந்தன.

அந்த வாரம் பார்த்துச் செப்புக் குடம் அடியில் ஒழுக ஆரம்பித்தது. பற்று வைக்க மாமா எடுத்துப் போனார். பற்று வைக்கிறவர் இன்று நாளை என்று இழுத்தடித்தார். அதுவரை அம்மா எனாமல் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தார். அந்த வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீரைத்தான் தொட்டிக்கு ஊற்றினேன். மனசே இல்லை. ஏதோ விருந்தாளிக்கு மீந்ததைப் போட்ட மாதிரி இருந்தது.

மீன் சாகவில்லை. அடுத்த வெள்ளியும் சாகவில்லை. நீலம் முன்னைவிடத் தூக்கலாக இருந்தது. நத்தைகள்கூடப் பெருத்துக் கண்ணாடியில் ஏறி, தங்கள் பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தன. "பார்த்தியா, என் உப்பு மொளகா வேலை செய்யுது" என்றார் அத்தை. சனிக்கிழமை மாமா வந்து தொட்டியைக் குனிந்து பார்த்தார். "ஒண்ணும் சாகலையா?" "இல்லே மாமா!" "ஓ," என்றார். சட்டையை மாற்றாமல் அப்படியே நின்றார்.

பிறகு குடம் திரும்பி வந்தது. அம்மாவுக்கு அத்தனை சந்தோஷம். இரண்டு மடங்கு புளி போட்டுத் தேய்த்தார். வெள்ளிக்கிழமை காலையில் சாமிக்கு எடுத்த கையோடு நான் ஒரு சொம்பு மொண்டு வந்து தொட்டியில் ஊற்றினேன். இன்னொரு சொம்பு ஊற்றினேன். கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் மேலே ஊர்ந்துகொண்டிருந்த ஒரு நத்தை பிடியை விட்டுக் கீழே விழுந்தது. அப்புறம் பக்கத்தில் இருந்தது. அப்புறம் மற்றது. விழுந்தவை ஓட்டுக்குள் சுருங்கிக்கொண்டு அசையவே இல்லை. நத்தைக்கு யார் கண் போடுவார்கள்? அதை அழகு என்று யாருமே சொல்லவில்லையே! அப்போதுதான் ஒரு மீன் கூட்டத்தை விட்டு மூலைக்குப் போனது.

எனக்கு என்ன தோன்றியது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. கை தானாக ஓடியது. எனாமல் வாளியில் இன்னும் பழைய தண்ணீர் பாதி இருந்தது. தேயிலை வடிகட்டியை எடுத்து மீன்களை ஒவ்வொன்றாக அள்ளி வாளியில் போட்டேன். கடைசி மீன் வடிகட்டியிலிருந்து துள்ளித் தரையில் விழுந்தது. உள்ளங்கையில் எடுத்துப் போட்டேன். அத்தை வந்து பார்த்து, "ஏண்டி, தேத்தண்ணி வடிக்கிறதுலே மீனா!" என்று கத்தினார். நான் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "குடத்துத் தண்ணிதான் கொல்லுது! குடம்தான்!" என்று அதற்கு மேலே கத்தினேன்.



"சாமிக்கு வைக்கிற தண்ணியையா சொல்றே?" என்றார் அத்தை. "நாங்கள்லாம் குடிச்சிட்டு உசுரோட இல்லே?"

அம்மா மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். விழுந்து கிடந்த நத்தைகளைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். மூலைக்குப் போன மீன் அதற்குள் மற்றவற்றோடு சேர்ந்துகொண்டிருந்தது. அம்மாவின் சீர்க் குடத்தையே குற்றம் சொல்லிவிட்டோமே, அடி விழும் என்று நின்றேன். "விடுங்க அண்ணி," என்றார் அம்மா. "நமக்கு ஆகுறது அதுக்கு ஆவலே போல. சின்ன உசுரு. இனிமே அதுக்கு இந்த வாளி."

அவ்வளவுதான். செம்பு ஏன் மீனுக்கும் நத்தைக்கும் ஆகாது என்று பிற்பாடு என் பிள்ளைகள் படித்துவிட்டு வந்து விளக்கினார்கள். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நான் பார்த்தாயிற்று. தொட்டி சாக்கடைக்குப் போகவில்லை. தம்பி நல்லபடியாகப் பிறந்தான். மீனும் இருந்தது.

மாமா மட்டும் சனிக்கிழமைதோறும் வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பதை விடவில்லை. "எல்லாம் இருக்கா?" "எல்லாம் இருக்கு மாமா." பல வாரம் போன பிறகு ஒருநாள், "பாசி கொஞ்சம் வாங்கிட்டு வரலாமா பாப்பா?" என்றார். பாசி நிறையவே இருந்தது. இருந்தாலும் சைக்கிளில் ஏறிவிட்டேன், அந்த அக்காவிடம் சொல்ல எனக்குப் பெரிய சேதி இருந்ததே!

கடைக்குள் நுழையும்போதே எனக்குத் தெரிந்த மலாயில் கொட்டித் தீர்த்தேன். குடம், நத்தை, வாளி, வடிகட்டி, எல்லாம். அவள் வலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். கை தட்டினாள். "இனிமே மீன் சாகாது. நாங்க இங்கே வரவே தேவையில்லே!" என்று முடித்தேன்.

அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்து ஹொக்கியனில் ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். எப்போதும் கடகடவென்று பதில் சொல்கிற மாமா, அன்று அடுக்கியிருந்த தொட்டிகளைப் பார்த்தபடி நின்றார். உள்ளேயிருந்து கிழவர் இருமினார். அவள் பாசியை ஒரு பொட்டலமாகக் கட்டி என் கையில் கொடுத்து, என் தலையை ஒருமுறை தடவினாள்.

திரும்பும்போது மாமா சைக்கிளில் ஏறவில்லை. சூலியா தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டே நடந்தார். நான் கூடவே நடந்து அவர் முகத்தை அண்ணாந்து அண்ணாந்து பார்த்தேன். எனக்குக் காரணம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். இத்தனை நாள் மீன் வாங்கிக் கொடுத்தவர் அவர், கண்டுபிடித்த பேர் மட்டும் எனக்கா? பெரியவர்களுக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கும். எனக்குப் பாவமாகிவிட்டது.

"மாமா," என்றேன், "நீங்கதான் கண்டுபுடிச்சீங்கன்னு அந்த அக்காகிட்ட சொல்லிக்கிங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மாமா நின்றார். பிறகு நடுத்தெருவில் பெரிதாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். சிரித்தால் சிலருக்குக் கண்ணில் தண்ணீர் வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் நானும் சேர்ந்து சிரித்தேன்.

எழுதி முடித்துவிட்டேன். இந்தா பேத்தி, அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இப்படி வந்து உட்கார். இதை முதலிலிருந்து எனக்குப் படித்துக் காட்டு. அவசரப்படாதே.