பன்னிரண்டாம் கேள்வி

“பன்னிரண்டாம் கேள்விக்குப் பூஜ்யம்னு போட்டிருக்கீங்களே மேடம். ஏன்?”

“ஏன்னா அது பூஜ்யம்தான்” என்றாள் வெர்னா. வண்டி டயாலிசிஸ் மையத்தின் வாசலில் நின்றிருந்தது. உள்ளே அவளுடைய ஆறு பயணிகளுக்கும் ரத்தம் சுத்திகரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. தொலைபேசியில் பேசியவன் மாநில அலுவலகத்து இளைஞன். புது வண்டிக்கான மானியம் கிடைக்கவில்லை என்பதை அவன் முதலிலேயே சொல்லிவிட்டான்.

சென்ற ஆண்டு இடமில்லாமல் திருப்பி அனுப்பிய பயணிகள் எத்தனை பேர்? நாற்பத்தொரு பக்க விண்ணப்பத்தில் அவள் யோசிக்காமல் எழுதியது அந்த ஒரு பதில்தான். எழுதியதன் மேல் இன்னொரு முறை பேனாவை ஓட்டி அழுத்தமாக்கியிருந்தாள். இடம் போதாத நாட்களில் வண்டியை இரண்டு தடவை ஓட்டினாள். பனிப்புயலில் மையத்து நாற்காலியிலேயே தூங்கினாள். கணவனை அடக்கம் செய்த வெள்ளிக்கிழமைகூட மூன்று மணிக்கு வண்டி கிளம்பியது. முன்பு இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஒரு பிள்ளையையும் விட்டுவிட்டுப் போனதில்லை.

“தேவை இருக்குன்னு காட்டணும் மேடம். யாரையும் திருப்பி அனுப்பலைன்னா, இருக்கிற வண்டியே போதும்னுதானே அர்த்தம்? அங்க மார்க்கே விழலை.”

“வண்டி அடிச்சட்டம் துருப்பிடிச்சு ஓட்டையாயிடுச்சு தம்பி. மானியம் வரலைன்னா இதை ஓரங்கட்டிடுவோம்னு மாவட்டக் கவுண்டி ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. அந்தப் பதிலை மாத்தித் தரவா?”

“முடிவு கையெழுத்தாகிப் போயிடுச்சு மேடம். அடுத்த வருஷம் போடுங்க.”

திரும்பும்போது எழுபது மைலும் சோள வயல்களின் மேல் வெறும் பனி. மற்ற ஐவரையும் இறக்கிவிட்டாயிற்று. சக்கர நாற்காலியில் கடைசி ஆளாக ஓர்வில் ஹ்ருஸ்கா இருந்தார். அவருக்கு எண்பத்தொன்று.

“மூஞ்சி ஏம்மா இப்படித் தொங்குது?”

சொன்னாள்.

“ஒரே ஒரு நாள் என்னை வாசல்ல விட்டுட்டுப் போயிருக்கக் கூடாதா? நானே புகார் எழுதிக் கொடுத்திருப்பேனே.”

“நீங்க எழுதினா யாருக்குப் புரியும்? டாக்டர் சீட்டு மாதிரி இருக்கும்.”

அவர் சிரித்தார். அவரது வீட்டு வாசலில், நாற்காலியை இறக்கும் வண்டியின் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. அவள் இறங்கி, பிடியை அடித்து அடித்துக் கையாலேயே அதைத் தரையிறக்கினாள்.

“அடுத்தது புதன்கிழமைதானே?” என்றார்.

அவள் நாற்காலியைச் சரிவுப்பாதையில் தள்ளிக்கொண்டு போய்க் கதவருகே விட்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணிக்குக் கவுண்டி ஆட்கள் வந்து வண்டியைக் கட்டி இழுத்துப் போனார்கள். வெர்னா ஆறு பேருக்கும் தொலைபேசி செய்தாள். இரண்டு பேரின் பிள்ளைகள் புதன்கிழமை விடுப்பு எடுப்பதாகச் சொன்னார்கள். மூன்று பேர் சரி என்று வைத்துவிட்டார்கள். ஓர்வில் வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பயணப் பதிவேட்டில் திருப்பி அனுப்பியவர்கள் என்று ஒரு பத்தி உண்டு. நான்கு வருடமாக அது காலியாக இருந்தது. அதில் 6 என்று எழுதினாள். பிறகு வண்டியில் கொண்டுபோகும் காப்பிக் குடுவையைக் கழுவிக் கவிழ்த்தாள்.