முதலில் எழுதியவர் கணக்கில்

தாராவியில் ஒரு கல்யாண ஆல்பக் கடையின் கம்ப்யூட்டரை நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். சம்பளம் கிடையாது. சரக்கிருப்பைச் சரிபார்க்கும் ஸ்டோர்ஸ் ஆடிட்டில் இருந்து ஓய்வு பெற்றவன், மாட்டுங்கா வீட்டில் உட்கார்ந்து அரிசி டப்பாவில் பென்சிலால் மட்டம் குறிப்பதைவிட இது மேல் என்று மனைவிதான் அனுப்பிவைத்தாள்.

கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். அவரிடம் நான்கு டிசைனர்கள். நால்வரின் படங்களும் மூலையில் இருக்கும் ஒரே பெரிய மெஷினில் சேரும். "டிஸ்க் ரொம்பிருது சார். யாரு ரொப்புதாங்கன்னுதான் தெரியல" என்றார் முதல் நாளே. எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

அந்தக் கடையில் யாரும் ஆல்பத்தை வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்குவதில்லை. பழைய ஆல்பம் ஒன்றை நகலெடுத்து, தோரணத்தையும் பார்டரையும் அப்படியே வைத்து, மாப்பிள்ளை பெண்ணை மட்டும் மாற்றுவார்கள். அதற்கேற்ற ஒரு ஏற்பாட்டை மெஷினில் போட்டுக்கொடுத்தேன். அதில் நகலெடுத்தால் இடம் செலவாகாது. இரண்டு ஆல்பமும் டிஸ்கில் ஒரே இடத்தைக் காட்டும். மாற்றிய பகுதி மட்டும் புதிதாக எழுதப்படும். மணிக்கொரு முறை அந்த நேரத்து நிலையையும் அது இதேபோல் சேமித்துவைக்கும். பழையவற்றைத் தானே கழிக்கும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆளுக்கு இவ்வளவு இடம் என்று வரம்பு வைத்தபோது ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரே பக்கத்தை நால்வர் பகிர்ந்தால் அது யார் கணக்கு? அதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, முதலில் எழுதியவர் கணக்கில் போட்டுவிட்டு மறந்துவிடுவது. அவர் அழித்த பிறகும் வேறொருவர் வைத்திருந்தால் பாரம் முதலில் எழுதியவர் பெயரிலேயே நிற்கும். அது சரியான கணக்கே இல்லை என்று தள்ளிவிட்டேன். மற்றது, ஒவ்வொரு துண்டையும் யார் யார் பகிர்கிறார்கள், யாருக்கு மட்டுமே சொந்தமானது எவ்வளவு என்று ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தேடி எண்ணுவது. அதைத்தான் போட்டேன். கடையில் யாரும் கேட்கவில்லை. அந்த எண்களைப் பார்க்காமல் எனக்குக் காலைக் காபி இறங்காது.

முகூர்த்த மாதத்தில் மெஷின் நிற்க ஆரம்பித்தது. திரையில் அம்புக்குறி மட்டும் அசையும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு கவனித்தேன். வடாலாவிலிருந்து வரும் பெண், நால்வரில் மூத்தவர், அவர் சேவ் செய்யும்போதுதான் அதிகம் நின்றது. கடைக்காரரிடம் சொன்னேன். "அவங்க ஃபைலைத் தொட்டாத்தான் மெஷின் படுத்துக்கறது. எனக்குச் சந்தேகமே இல்லை." அவருடைய வரம்பையும் பாதியாகக் குறைத்தேன்.

அடுத்த வாரம் ஒரு கல்யாண வீட்டார் சாயங்கால ரயிலில் ஊருக்குப் புறப்பட இருந்தார்கள். ஊர் வரவேற்பில் ஆல்பத்தை வைக்க வேண்டும். அந்தப் பெண் கடைசிப் பக்கங்களைச் சேவ் செய்யும்போது மெஷின் நின்றது. மறுபடி ஓடியபோது, நான் குறைத்த வரம்பில் இடமில்லை என்றது. ஆல்பப் பெட்டி தாதருக்குப் போய்ச் சேர்ந்தபோது ரயில் போயிருந்தது.

"சார் அன்னைக்கே சொன்னாரு! இனிமே நீ வரவே வேண்டாம் தாயி" என்று எல்லார் முன்பும் கத்தினார் கடைக்காரர்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "அங்கிள், நான் சேவ்தானே பண்ணேன்?"

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போன பிறகும் மெஷின் நின்றது. அப்போதுதான் அதன் நேரமெல்லாம் எங்கே போகிறது என்று பார்த்தேன். எண்ணுவதில் போயிற்று. கடையின் நல்ல தோரணங்களும் பார்டர்களும் அந்தப் பெண் வரைந்தவை. நால்வரின் ஆல்பங்களும், மணிக்கொரு நிலையும் அவற்றின் மேல்தான் நின்றன. அவற்றில் ஒன்றைத் தொட்டாலும், ஒரு பழைய நிலையைக் கழித்தாலும், அத்தனை பங்காளிகளையும் மெஷின் தேடிப் போக வேண்டியிருந்தது. தேடச் சொன்னவன் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் தள்ளிவிட்ட அந்த எளிய கணக்கையே போட்டேன். யார் வரைந்ததோ அவர் பெயரிலேயே முதலில் பதிவாகுமாறு எல்லாவற்றையும் புதிதாக எழுதவிட்டேன். திங்கட்கிழமை நான் வாயைத் திறக்குமுன் கடைக்காரர் சிரித்தார்.

"பாத்தீங்களா சார், அந்தப் புள்ள போனதும் மெஷின் பறக்குது!"

அவர் அப்படியே நம்பிக்கொண்டிருக்கட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்பு இன்றும் கூசுகிறது. பிறகு சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

"அடப் பாவமே. நான் போன் பண்ணா எடுக்க மாட்டா. நீங்களே போயிச் சொல்லுங்க சார். வேலைக்கு வரச் சொல்லுங்க."

குர்லா ஸ்டேஷன் அருகே வேறொரு ஆல்பக் கடையில் அவர் சேர்ந்திருந்தார். மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்ன அங்கிள், இங்கயும் செக்கிங்கா?"

நின்றபடியே சொல்லி முடித்தேன்.

"அப்போ மெஷினைப் படுக்கவெச்சது உங்க கணக்கு."

"ஆமாம்மா."

"கடைக்கார பாய்கிட்ட சொல்லத் தெரிஞ்சுது. பத்தடி தள்ளி உக்காந்திருந்தேன், என்னைக் கேக்கத் தோணலையா?"

கடைக்காரர் திரும்ப அழைத்ததைச் சொன்னேன்.

"சோடோ அங்கிள், விடுங்க. அந்த நாற்காலில இனிமே உக்கார முடியாது." கொஞ்ச நேரம் வேலை செய்தார். "என் பேர் இன்னும் அங்க இருக்கா?"

"இருக்கு. பெரிய எண் உங்க பேருக்கு நேராத்தான்."

"எடுத்துடுங்க."

"ஃபோல்டரையும் பேரையும் எடுத்துடலாம்மா. ஆனா நீங்க வரைஞ்சதெல்லாம் மத்தவங்க ஆல்பத்துல இருக்கே. எண் மட்டும் நிக்கும்."

"நிக்கட்டும். நம்பரைப் பாத்து யாரும் திட்ட மாட்டாங்க."

அன்றே எடுத்தேன். போன வாரம் கடைக்காரர் திரையில் விரல் வைத்தார். "இது யாரு சார், பேரும் இல்லாம இம்புட்டு எடத்த வளைச்சுப் போட்டிருக்கது? தூக்கிருவமா?"

"தூக்கினா நம்ம ஆல்பம் ஒண்ணும் மிஞ்சாது" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. விரலை எடுத்துக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்து அரை கிளாஸ் கட்டிங் சாய் இரண்டு சொன்னார்.