நான் சொல்லாமல் விட்ட கடை

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது நானும் அம்மாவும் சிட்னியிலிருந்து புறப்பட்டு, இரண்டு விமானமும் ஒரு கப்பலும் மாறி, கிரேக்க நாட்டின் ஒரு சின்னத் தீவில் போய் இறங்கினோம். சிட்னியில் நாங்கள் இருந்த நார்த்மீட்டில் தெரிந்தவர்களிடம் அம்மா அதை 'ஹொலிடே' என்றுதான் சொல்லியிருந்தார். உண்மையில் அது பெண் பார்க்கும் பயணம். பெண்கள் எல்லாரும் அம்மாவின் கைப்பையில் ஒரு பழுப்பு உறைக்குள் படங்களாக வந்தார்கள். மாப்பிள்ளை என் மாமா.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. ஜேர்மனிக்குப் போகலாம் என்று ஏஜென்சிக்காரனை நம்பிப் புறப்பட்டு, இடைவழியில் கிரேக்கத்தில் மாட்டுப்பட்டு, கிடைத்த வேலையெல்லாம் செய்து, கடைசியில் அந்தத் தீவின் ஹோட்டல் ஒன்றில் சமையல்காரராக நிலைத்துவிட்டார். அக்காவும் தம்பியும் நேரில் கண்டு பதினான்கு வருடம் ஆகியிருந்தது. இறங்குதுறையில் அம்மா அவருடைய கன்னத்தைப் பிடித்து, "மெலிஞ்சு போனாய்" என்று அழுதார். மாமா நல்ல குண்டு.

தன்னுடைய அறையில் வேறு மூன்று பேர் இருக்கிறார்கள், நீங்கள் அங்கே தங்கச் சரிவராது என்று சொல்லி, பேக்கரி ஒன்றுக்கு மேலே எங்களுக்கு இடம் எடுத்துத் தந்தார் மாமா. நான் அவரை முதல் நாளே எனக்கென்று எடுத்துக்கொண்டேன். என் வகுப்புத் தோழிகளின் பிறந்தநாளுக்கெல்லாம் அவர்களுடைய மாமாமார் வந்து பலூன் ஊதுவார்கள். எனக்கு மாமா என்றால் அதுவரை போனில் கேட்கிற இருமல் மட்டும்தான்.

நான்காம் நாள் காலை அம்மாவுக்குப் படியில் கால் பிரண்டுவிட்டது. மறுநாள் நாங்கள் திரும்ப வேண்டும். செய்யவேண்டிய சில்லறை வேலைகள் நிறைய இருந்தன. அம்மா கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு ஒரு பட்டியல் எழுதினார். அறுந்த செருப்பு வாரைத் தைக்க வேண்டும். கப்பல் டிக்கெட் எடுக்க வேண்டும். காலுக்குப் பூச மருந்து, பாண், எலுமிச்சம்பழம். அன்று மாமாவுக்கு லீவு. மத்தியானம் கடைகளைப் பூட்டிவிடுவார்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அது ஒன்றுமே நடக்காத ஒரு நாள் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். காற்று மட்டும் பலமாக அடித்தது. நான் தொப்பியை ஒரு கையால் அமர்த்திக்கொண்டே நடந்தேன். செருப்புத் தைக்கிறவர் வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு பேசினார். டிக்கெட் கடையில் ஒரு பூனை கணினியின் மேல் படுத்திருந்தது. யாரும் அதை எழுப்பவில்லை, அது தானாக எழும்பும்வரை நாங்கள் காத்திருந்தோம். போன இடமெல்லாம் மாமாவை 'யோர்கோ' என்று கூப்பிட்டார்கள். "உங்கட பேர் அதில்லையே" என்றேன். "இவைக்கு என்ர பேர் வாயில வராது" என்று சிரித்தார் மாமா. ஒவ்வொரு கடையிலும் என் தலையில் கைவைத்துக் கிரேக்கத்தில் ஏதோ சொன்னார். அவர்கள் எனக்கு இனிப்புத் தந்தார்கள்.

பட்டியல் முடிந்த பிறகு, பட்டியலில் இல்லாத ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். அது ஒரு தையல் கடை. வாசலில் நின்று மாமா சேர்ட்டை இழுத்துவிட்டதும், மூக்கைத் துடைத்ததும் எனக்கு வேடிக்கையாக இருந்தது. உள்ளே மெஷினில் இருந்த பெண் என்னைக் கண்டதும் எழுந்து, கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து, என் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார். பிறகு மாமாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். மாமா இல்லை என்று தலையாட்டினார்.

அப்போதுதான் பின்னறையிலிருந்து ஒரு சின்னப் பிள்ளை ஓடி வந்தாள். ஐந்து வயது இருக்கும். "பாபா!" என்று கத்திக்கொண்டு மாமாவின் மேல் தொற்றி ஏறி, அவருடைய காதைப் பிடித்து இழுத்தாள். சிட்னியில், மெரிலேண்ட்ஸில் நாங்கள் ரொட்டி வாங்கும் கடைக் கிழவரையும் எல்லோரும் பாபா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆகவே அந்தச் சொல் எனக்கு ஒன்றையும் உணர்த்தவில்லை. காதை இழுத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. நான்கு நாளாக அந்தக் காதுகள் என்னுடையவை. அவள் தன் கையிலிருந்த பேக்கரிப் பணிஸைப் பிய்த்துப் பாதியை நீட்டினாள். நான் வேண்டாம் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும் மாமா என் முன்னால் குந்தி இருந்து தொப்பியைச் சரிசெய்தார்.

"இண்டைக்குக் கண்டதெல்லாம் அம்மாட்டச் சொல்லு. இந்தக் கடையையும் சொல்லு. அந்தப் பிள்ளையையும் சொல்லு. ஒண்டும் விடாதை, என்ன?"

"ஓகே மாமா."

நான் சொன்னேன். ஆணிகளைச் சொன்னேன், பூனையைச் சொன்னேன், யோர்கோவைச் சொன்னபோது அம்மா கால் வலியை மறந்து சிரித்தார். அந்தக் கடையை மட்டும் விட்டுவிட்டேன். அவளைச் சொன்னால் அம்மா, "ஐயோ வடிவான பிள்ளையோ?" என்று கேட்பார். எனக்கு அது தேவையில்லை.

பின்னேரம் மாமா பொரித்த மீனோடு வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். மீனைப் பிரித்து வைத்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"பிள்ளை எல்லாம் சொன்னவளோ, அக்கா?"

"ஓம், ஓம். ஒண்டும் விடாமல் சொன்னவள்" என்றார் அம்மா. பிறகு கைப்பையைத் திறந்து அந்தப் பழுப்பு உறையை எடுத்தார். "இஞ்ச பார் தம்பி, நீ அலைஞ்சது காணும். இனியாவது ஒழுங்கா ஒரு குடும்பம் எண்டு இருக்க வேணும். இதில ஒண்டைப் பிடிச்சிருக்கெண்டு சொல்லு."

மாமா படங்களைக் கையில் வாங்கினார். ஒவ்வொன்றாகப் பார்த்தார், அல்லது பார்ப்பதுபோல் வைத்திருந்தார். "யோசிச்சுச் சொல்லுறன், அக்கா" என்றார். நான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். மாமா ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் சொல்லாததைக் கண்டுபிடித்துவிட்டாரோ என்று பயந்து குனிந்துகொண்டேன்.

மறுநாள் கப்பலில் நின்று கையசைத்தோம். அதன் பிறகு மாமாவின் போன்கள் குறைந்தன. வருடப்பிறப்புக்கு ஒன்று, அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒன்று என்று ஆனது. தம்பி மாறிவிட்டான் என்று அம்மா ஹோம்புஷில் இருந்த தன் சிநேகிதி அன்ரியிடம் சொல்லிக் கவலைப்படுவார்.

எனக்குப் பதினாறு வயதில் ஒரு பின்னேரம் என் போனுக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. நீ என் மச்சாள் என்று அப்பா சொல்கிறார், எங்கள் கடைக்கு ஒருமுறை வந்தாயாம், எனக்கு ஞாபகமில்லை என்று எழுதி ஒரு படமும் அனுப்பியிருந்தாள், அந்தத் தையல் கடைப் பிள்ளை. அவள் முகத்தில் என் அம்மாவின் புருவமும் அம்மாவின் நாடியும். நான் போனை அம்மாவிடம் நீட்டினேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

அம்மா அப்போதே மாமாவைப் போனில் கூப்பிட்டார்.

"எனக்கு ஒரு மருமகள் இருக்கிறாள் எண்டு ஏன்ரா சொல்லேல்லை?"

ஸ்பீக்கரில் மாமாவின் இருமல் கேட்டது.

"உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ இருந்தனான், அக்கா. பிள்ளை சொன்னவள்தானே. சொன்ன பிறகும் நீங்க படத்தைத் தூக்கி முன்னால வைச்சனீங்கள். அவையளை ஏற்கமாட்டியள் எண்டு நினைச்சிட்டன்."

எட்டு வருடம். நான்கு நாள் வாய்வரை வந்தும் தன் அக்காவிடம் சொல்ல முடியாததைச் சொல்லத்தான் அவர் என்னைக் கடை கடையாகக் கூட்டிப்போனார் என்பதும், கதிரை நுனியில் அவர் எதற்காகக் காத்திருந்தார் என்பதும் எட்டு வயதில் எனக்கு விளங்கவில்லை. ஒரு சின்னப் பிள்ளையை மறைத்தேன் என்று மட்டும்தான் நினைத்தேன்.

அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. பக்கத்தில் வந்து இருந்தார்.

"நீ கண்டனீதானே. அப்ப அவள் எவ்வளவு உயரம் இருந்தவள்?"

நான் எழுந்து நின்று, என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கையைப் பிடித்துக் காட்டினேன். அம்மா என் கைக்குக் கீழே இருந்த அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை இறக்க எனக்கு மனம் வரவில்லை.