கண் ஒட்டியிருந்த நாளில் அவள் சொன்ன வழி

எங்கள் பக்கத்தில் திசை சொல்லாமல் யாருக்கும் பேச்சே வராது. பந்தியில் உட்கார்ந்தால், "கொஞ்சம் மேக்க தள்ளி இருங்க" என்பார்கள். முடிவெட்டும் அண்ணாச்சிகூட, "தலைய லேசா தெக்க சாயிங்க" என்பார். திருநெல்வேலியிலேயே பிறந்து ஐம்பது வயதைத் தாண்டியும், தலையைத் தப்பாகச் சாய்த்து அவரிடம் திட்டு வாங்குகிறவன் நான். தினமும் போகும் அலுவலகத்துக்கே வேறு தெரு வழியாகப் போனால் தொலைந்துபோவேன். போதாக்குறைக்கு, கண்ணை மூடினால் மனதில் ஒரு படமும் வராது. மனைவியின் முகம்கூட வராது. மோவாயில் மச்சம் உண்டு என்பது தகவலாகத் தெரியும், அவ்வளவுதான்.

போன புரட்டாசியில் அவளுக்கு மெட்ராஸ் ஐ. இரண்டு கண்ணும் வீங்கி, பீளை கட்டி ஒட்டிக்கொண்டன. மூன்றாம் நாள் காலையில் அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவள் தம்பி போன் செய்தான். படுக்கையில் கிடந்த என் மாமனாருக்கு மூச்சு இழுக்கிறது, மகளைக் கேட்கிறார், உடனே வாருங்கள் என்றான்.

காரில் கிளம்பினோம். நேர் ரோடு வரைக்கும் பிரச்சினையில்லை. ஒரு பாலத்தில் வேலை நடந்ததால் வயல்காட்டுக்குள் திருப்பிவிட்டார்கள். அங்கே போனில் சிக்னல் இல்லை. நாலு முக்கு திரும்பியதும் எல்லாப் பக்கமும் ஒரே வயல். கேட்க ஓர் ஆளில்லை. வண்டியை நிறுத்தினேன். நான் வழியை விட்டதால் அவள் தன் அப்பாவைப் பார்க்க முடியாமல் போய்விடுமோ என்று பயந்தேன்.

"பாதைய விட்டுட்டியளா?"

"ஆமா."

அவள் கோபப்படவில்லை. ஜன்னலை இறக்கி முகத்தை வெளியே நீட்டினாள். "வெயிலு எடது கன்னத்துல அடிக்கு. தெக்க பாத்து நிக்கோம். நமக்கு மேக்க போவணும்" என்றவள், இது எனக்கு விளங்காது என்று நினைவு வந்து, "அடுத்த முக்குல சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க, பைய" என்றாள்.

திரும்பினேன். "வாய்க்கா சத்தம் கேக்குதுல்லா, அத விடாம போங்க." கொஞ்ச நேரத்தில், "நெல்லு அவிக்கிற வாடை வருது, மில்லு தாண்டுனதும் மறுபடி சோத்தாங்கைப் பக்கம்." அந்த ஊர் முழுவதும் அவளுக்குள் விரிந்து கிடந்தது. மில் வந்தது, தெரு வந்தது, வீடும் வந்தது.

மாமாவுக்கு நினைவு இருந்தது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விரலால் இமையைப் பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அப்பா எப்படி இருக்காவ? பாத்துச் சொல்லுங்க."

நான் யாரையும் அப்படி உற்றுப் பார்த்ததில்லை. "ரெண்டு நாள் தாடி. நெத்தியில திருநீறு இருக்கு. ஒன்னத்தான் பாக்காவ. ஒதடு சிரிக்க மாதிரி இருக்கு" என்றேன்.

சாயங்காலம் அவர் போய்விட்டார். எரித்த மறுநாள்தான் அவள் கண் திறந்தது.

"கடைசியா அப்பா என்னைப் பாத்துச் சிரிச்சது அப்படியே கண்ணுக்குள்ள நிக்கு" என்று இப்போதும் சொல்கிறாள். என் நாலு வார்த்தையிலிருந்து அவரை முழுசாக எடுத்து வைத்திருக்கிறாள். பார்த்தவன் நான், என்னிடம் எதுவும் இல்லை. அவர் முகம் வேண்டுமென்றால் அவளிடம்தான் கேட்கிறேன்.