பின்னறை ஜன்னல்

கட்டடங்களுக்குப் பசுமைச் சான்றிதழ் வாங்கிக் கொடுப்பது என் பிழைப்பு. ஈப்போவில் ஒரு சின்ன அலுவலகம். எதிரெதிரே ஜன்னல் வேண்டும், ஒரு பக்கம் நுழைந்த காற்று மறுபக்கம் வெளியேற வேண்டும் என்று வருகிறவர்களிடம் வாய் கிழியப் பேசுவேன்.

நான் குடியிருப்பது வரிசை வீடு. பின்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே வானம் பார்த்த ஒரு திறப்பு இருந்தது. தீபாவளிக்கு வருகிறவர்களுக்கு இடம் போதவில்லை என்று சொல்லி, அதற்குக் கூரை போட்டுச் சமையலறையை நீட்டியது நான்தான். அதன் பிறகு பின்னறை ஜன்னலைத் திறந்தால் எதிரே அடுப்புதான்.

மாமனார் இறந்த பிறகு மாமியார் பீடோரிலிருந்து எங்களோடு இருக்க வந்தார். அந்த அறையைத்தான் கொடுத்தோம். பொழுது விடிந்தால் போதும், வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். தெருவை வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"இந்தத் தாமானுக்கே நீங்கதான் ஜாகாலா, அத்தை" என்று அவரைக் குடியிருப்புக்கே காவல்காரியாக்கிக் கேலி வேறு செய்வேன். சிரிப்பார்.

சென்ற மாதம் அவர் அறையில் பல்பு மாற்றப் போனேன். ஜன்னல் சாத்தியிருந்தது. வேலை முடிவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஜன்னலைத் திறந்தேன். நெத்திலி சம்பல் தாளிக்கிற புகை முகத்தில் அடித்தது. கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் எதையும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது என்று இருப்பவர் அவர். அது தெரிந்தும் நான் ஒரு வார்த்தை விசாரித்ததில்லை.

அன்று மாலையே சொன்னேன். "அந்தக் கூரைய எடுத்துடலாம், அத்தை."

"ஐயையோ, எனக்காகவா? வேணாம் மாப்பிள்ளை. ஜன்னல மூடிட்டா ஒன்னும் தெரியாதுலா."

நான் கேட்கவில்லை. மனசு குத்துகிற அவசரத்தில் ஆள் பேசி வேலையை ஆரம்பித்துவிட்டேன். கூரையைப் பிரிக்க ஆட்கள் வந்த காலையில், "பீடோர்ல தம்பி வீட்ல நாலு நாள் இருந்துட்டு வாரேன்" என்று அவர் பையோடு கிளம்பிவிட்டார்.

இப்போது பின்னறையில் காற்று நன்றாக வருகிறது. நேற்று அதைச் சொல்லத்தான் போன் செய்தேன்.

"மக சொன்னா, நல்லா காத்து வருதாமே. பிள்ளைங்கள அங்க படுக்க வைங்க, மாப்பிள்ளை."

"நீங்க எப்ப வர்றீங்க?"

"வாரேன், வாரேன்."

அலமாரியில் அவருடைய சேலை ஒன்றுகூட இல்லை என்று மனைவி எப்போதோ பார்த்துவிட்டாள். தன்னால்தான் வீட்டை இடிக்க வேண்டியதாயிற்று என்று அவர் நினைக்கிறார். அடைத்தது நான்தானே அத்தை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.