மாமனார் பெயரில் ஒரு கால்பந்து அணி

என் கணவர் பொறுப்பேற்கும் வரை அந்த அணிக்கு ஊரின் பெயர்தான் இருந்தது. வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். வயல் வேலையும் டிரைவர் வேலையுமாக இருந்த பையன்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, டீக்கடையிலும் ரைஸ் மில்லிலும் வசூல் செய்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். புதுக்கோட்டையில் எங்கள் டைல்ஸ் கடை நன்றாக ஓடிய காலம். அவர்கள் ஆடிய ஒரு போட்டிக்குப் பரிசு கொடுக்கப் போன இடத்தில் இவர் மைக்கைப் பிடித்து, "இனிமே நீங்க ஊருக்குள்ள கை நீட்டக்கூடாது. நான் இருக்கேன்ல" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். டவல் விரித்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அணிக்கு என் மாமனார் பெயரை வைத்தார்கள். சம்பளத்துக்குக் கோச் வந்தார். ஜெர்சி, ஷூ, வெளியூர் போக வேன் எல்லாம் எங்கள் செலவு. பையன்களும் நன்றாகத்தான் ஆடினார்கள். கோப்பையை முதலில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து மாமனார் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் ஊருக்கு எடுத்துப் போவார்கள்.

பிறகு வியாபாரம் இறங்கியது. அறந்தாங்கிக் கிளையை மூடினோம். கோச்சுக்குச் சம்பளம் நின்றதும் அவர் போய்விட்டார். பையன்கள் கேட்டால் அடுத்த மாதம் பார்ப்போம் என்று சொல்லிவந்த இவர், கொஞ்ச நாளில் அவர்கள் போனை எடுப்பதையே விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேப்டனும் கோல்கீப்பரும் வீட்டுக்கு வந்தார்கள். கேப்டன் லோடு வேன் ஓட்டுகிறவர், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். ஜன்னல் வழியாகப் பார்த்த இவர் எழுந்து உள் அறைக்குள் போனார். "திருச்சி போயிருக்கேன்னு சொல்லு."

அப்படியே சொன்னேன். அவர்களை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். போனிலாவது ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகிறோம் என்று கேப்டன் செல்லை எடுத்து அழுத்தினார். உள் அறையில் மணி அடித்தது.

மூன்று பேரும் அதைக் கேட்டோம். கேப்டன் உடனே துண்டித்துவிட்டார். உள்ளேயும் சத்தம் நின்றது. கோல்கீப்பர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "லைன் கெடைக்கல ஆச்சி. ஐயா வந்ததும் சொல்லுங்க, இன்னொரு நாளைக்கு வாரோம்" என்று சொல்லி, காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுக் கேப்டன் கிளம்பினார். எனக்காக அவர் சொன்ன அந்தப் பொய்தான் என்னைக் கூசவைத்தது.

அந்த வாரமே இவரிடம் சொல்லாமல் பஸ் ஏறி மைதானத்துக்குப் போனேன். இனி எங்களால் முடியாது என்பதை யாராவது நேரில் சொல்லித்தானே ஆக வேண்டும். கேப்டனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"தெரியும் ஆச்சி. அறந்தாங்கிக் கடை சாத்திக் கெடக்குறத நாங்களும் பாத்தோம்ல" என்றார். அன்றைக்கு அவர்கள் பணம் கேட்டு வரவே இல்லையாம். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "டீமுக்குப் பழைய பேரையே வச்சுக்கலாமான்னு கேக்கத்தான் வந்தோம். ஊருக்குள்ள யாரும் வசூல் தர மாட்டேங்குறாங்க. அவுங்க டீமுக்கு நாங்க எதுக்குக் குடுக்கணும்ங்கிறாங்க. ஐயா மனசு சங்கடப்படுமேன்னுதான் இத்தன நாளா கேக்கல."

அந்த ஊர்க்காரர்கள் தங்கள் பையன்களுக்காகக் கொடுத்துக்கொண்டிருந்ததை நிறுத்தியது நாங்கள்தான். நாங்கள் கொடுத்ததும் நின்றுபோன பிறகு, எங்கள் பெயர் மட்டும் அவர்கள் வழியை மறித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. சரி என்று தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னபோது கோபப்படுவார் என்று நினைத்தேன். "அப்பா பேரையா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அவரே கேப்டனைப் போனில் கூப்பிட்டு, மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி உடனே வைத்துவிட்டார்.

அந்த வருஷம் அவர்களால் பணம் கட்டி மாவட்ட லீக்கில் சேர முடியவில்லை. பக்கத்து ஊர்ப் போட்டிகளில் மட்டும் ஆடினார்கள். புது ஜெர்சி வாங்க வழியில்லாமல், பழையதில் மாமனார் பெயர் இருந்த இடத்தில் வெள்ளைத் துணி வைத்துத் தைத்திருந்தார்கள். இப்போது ரைஸ் மில்காரரும் இன்னும் சிலரும் மாதாமாதம் கொடுக்கிறார்களாம். கோச் இல்லை, கேப்டனே சொல்லிக்கொடுக்கிறார்.

ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது எங்கள் கார் அந்த மைதானத்தைத் தாண்டிப் போனது. பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொல்லலாமா என்று இவரைப் பார்த்தேன். அவர் மறுபக்க ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். நானும் சொல்லவில்லை.